ஆஸ்துமா உள்ள பிள்ளை அசையாமல் இருப்பதை நலம் என்று எண்ணிவிட்டோமா?

இரவுக்காவல் எழுதியது:

என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரின் மாஸ்க்கைக் கண்டாலே அலறிய பிள்ளையை அமைதிப்படுத்தக் கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் காட்டினோம். அதுதான் தொடக்கம். மருந்து ஏறும் பத்து நிமிடங்களுக்காகக் கொடுத்தது, மருந்து முடிந்த பிறகும் அரை மணி நேரம் நீண்டது. "இப்போதுதானே மூச்சு சீரானது, ஓடாமல் உட்காரட்டும்" என்று நாங்களே நீட்டித்தோம். இன்று பள்ளி நாட்களில் நான்கு மணி நேரமும் விடுமுறை நாட்களில் அதற்கு மேலும் திரை முன்னால் இருக்கிறான்.

நான் இங்கே எழுத வந்தது நேரக் கணக்கைப் பற்றி மட்டுமன்று. சென்ற வாரம் நாங்கள் போயிருந்த கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்றாம் மாடிக்குப் படியேறினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவன் எதுவும் சொல்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தோள்கள் இரண்டும் காதை நோக்கி உயர்ந்திருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. உடனடி நிவாரண மருந்தான சால்புட்டமாலை, இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழலில் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. மறுநாள் மருத்துவரிடம் சென்றபோது, "மூன்று மாதமாக இழுப்பே இல்லை, நன்றாகத்தான் இருந்தான்" என்று சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஓடும்போது எப்படி இருக்கிறான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மூன்று மாதத்தில் அவன் ஓடி நான் பார்க்கவே இல்லை. மூச்சு எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொன்னார்கள். அவனுடைய சிறந்த அளவு 220. அன்று வந்தது 150.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அறிகுறி எதுவும் கண்ணில் படவில்லை என்பதால் தினமும் காலையும் இரவும் கொடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை வாரத்தில் பாதி நாட்கள் விட்டுவிட்டிருந்தேன். அவன் உட்கார்ந்தே இருந்ததால் அறிகுறி இல்லை. அறிகுறி இல்லாததால் மருந்து இல்லை. மருந்து இல்லாததால் ஓட முடியவில்லை. ஓட முடியாததால் மீண்டும் கைப்பேசி. இந்தச் சுழலில் நான் முதலில் எதைப் பிடித்து நிறுத்த வேண்டும்?


கறார்அப்பா எழுதியது:

கைப்பேசியைத்தான், சகோதரி. என் மகளுக்கும் இதே நோய்தான், ஒன்பது வயது. ஒருநாள் எல்லாத் திரைகளையும் எடுத்துப் பூட்டி வைத்தேன். மூன்று நாள் அழுதாள், நான்காம் நாள் படம் வரைய உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்பதெல்லாம் பெற்றோர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வது என்பது என் அனுபவம்.


சிறார்மருத்துவர் எழுதியது:

இரவுக்காவல், உங்கள் மருத்துவர் கேட்ட அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்பதை நாங்கள் கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய நான்கு கேள்விகளால் அளவிடுகிறோம்: பகலில் அறிகுறிகள் எத்தனை முறை வந்தன, இரவில் இருமியோ இளைத்தோ விழித்ததுண்டா, உடனடி நிவாரண இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது, நோயால் ஓட்டமோ விளையாட்டோ குறைந்ததா. ஐந்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளுக்கு, நான்காவது கேள்வியை "மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக ஓடி விளையாடுகிறதா, நடக்கும்போது எளிதில் களைத்துவிடுகிறதா" என்றே சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் விரித்துக் கேட்கச் சொல்கிறது. நாளெல்லாம் திரை முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளை இந்த நான்கில் மூன்றுக்கு எளிதாக நல்ல பதில் பெற்றுவிடும். நான்காவது கேள்வியைப் பெற்றோர் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். "அவனுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை, கேம்தான் பிடிக்கும்" என்பது என் அறையில் நான் வாரந்தோறும் கேட்கும் வாக்கியம். அப்படிச் சொல்லப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையிலேயே ஆர்வமில்லாமல் இருக்கலாம். ஆனால் சிலர், ஓடினால் நெஞ்சு இறுகும் என்பதைத் தம் உடலிடமிருந்து கற்றுக்கொண்டு, அதை யாரிடமும் சொல்லாமல், வலிக்காத ஓர் இடத்தைத் தேடி உட்கார்ந்தவர்கள்.

ஆகவே என் பதில் கறார்அப்பா சொன்னதற்கு மாறானது. முதலில் பிடித்து நிறுத்த வேண்டியது விட்டுப்போன தடுப்பு மருந்தை. சுவாசக்குழாயின் உட்சுவரில் அழற்சி இருக்கும்போது கைப்பேசியைப் பறித்து "போய் விளையாடு" என்று வெளியே அனுப்பினால், அவன் ஐந்தாவது நிமிடத்தில் இருமத் தொடங்குவான், பிள்ளைகள் நடுவில் கூனிக்குறுகுவான், அடுத்த நாள் போகவே மாட்டான். தடுப்பு இன்ஹேலரின் பலன் ஓரிரு நாளில் தெரியாது; அது முழுமையாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நடை, மெதுவான சைக்கிள், நின்று ஆடும் விளையாட்டுகள் போதும். உடற்பயிற்சியால் சுவாசக்குழாய் சுருங்கும் பிள்ளைக்கு ஓட்டத்திற்குப் பதினைந்து நிமிடம் முன்பு சால்புட்டமால் கொடுக்கச் சொல்வதும் உண்டு. அதை உங்கள் மருத்துவர் உங்கள் பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எடுத்த எடுப்பில் வேகமாக ஓடவிடாமல் பத்து நிமிடம் விட்டு விட்டு ஓடி உடலைச் சூடேற்றிக்கொண்டால், அதன் பிறகு வரும் ஓட்டத்தில் சுருக்கம் குறைவாக இருப்பதைப் பல பிள்ளைகளிடம் காணலாம்.

திரைக்கும் நுரையீரலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் ஏவன் பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் முடிவொன்று 2009இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியானது. மூன்றரை வயதில் இளைப்பு இல்லாதிருந்த குழந்தைகளில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்குப் பதினொன்றரை வயதுக்குள் ஆஸ்துமா வந்திருக்கும் வாய்ப்பு, குறைவாகப் பார்த்தவர்களைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, தொலைக்காட்சிதான் காரணம் என்று நிறுவவில்லை. ஆனாலும் உடலியல் சார்ந்த ஒரு விளக்கம் யோசிக்கத் தக்கது. நாம் எல்லோரும் அறியாமலே அவ்வப்போது ஒரு பெருமூச்சு விடுகிறோம். அந்த ஆழ்ந்த மூச்சு சுவாசக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இழுத்து விரித்துத் தளர்த்துகிறது. படிக்கும்போது வருவதைவிடத் தொலைக்காட்சி பார்க்கும்போது இந்தப் பெருமூச்சுகள் குறைவாக வருவதாக 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. மிகுந்த ஈடுபாட்டோடு திரையைப் பார்க்கும் பிள்ளையின் நெஞ்சைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். மூச்சு எவ்வளவு மேலோட்டமாக ஓடுகிறது என்பது தெரியும்.


இரவுக்காவல் எழுதியது:

நன்றி டாக்டர். நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டு அவன் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் சற்றே திறந்திருந்தது, முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் தொட்டுக்கொண்டிருந்தது, சட்டையின் பொத்தான் அசைவது கூட எனக்குத் தெரியவில்லை. இடையில் மூன்று முறை இருமினான். கண்ணை எடுக்காமலே இருமினான். "நெஞ்சு எப்படி இருக்கிறது" என்று கேட்டதற்கு "ம்" என்றான். விளையாட்டை நிறுத்தச் சொல்லி மறுபடி கேட்டபோதுதான், "இறுக்கமா இருக்கும்மா" என்றான். தன் மூச்சைத் தானே கவனிக்கும் பழக்கத்தையும் திரை எடுத்துக்கொண்டுவிடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு சந்தேகங்கள். நெபுலைசர் வைக்கும் நேரத்திலும் கைப்பேசி கூடாதா? அது இல்லாமல் மாஸ்க்கைப் போடவிடுவானா என்று பயமாக இருக்கிறது. இரண்டாவது, இரவு. படுக்கையில் கேம் ஆடித்தான் தூங்குகிறான். அதிகாலையில் இருமி எழுகிறான்.


நெஞ்சகப்பிசியோ எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள பிள்ளைகளோடுதான் என் வேலை.

நெபுலைசர் நேரத்தில் திரை கொடுப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். அழும் குழந்தையின் நுரையீரலுக்குள் மருந்து மிகக் குறைவாகவே இறங்குகிறது. அமைதியாக மூச்சு விடும் குழந்தைக்கு நன்றாக இறங்குகிறது. அழுகிறதே என்று மாஸ்க்கை முகத்திலிருந்து விலக்கிப் பிடித்தால் பெரும்பகுதி மருந்து காற்றோடு போய்விடும். அதற்குக் கார்ட்டூன் எவ்வளவோ மேல். ஆனால் திரையை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். மடியில் வைத்தால் தலை குனியும், மாஸ்க் மூக்கின் மேற்புறத்தில் இடைவெளி விடும், மருந்துக் கிண்ணமும் சாயும். கிண்ணம் நிமிர்ந்து இருந்தால்தான் மருந்து சரியாகப் புகையாகும். ஆகவே திரையைப் பிள்ளையின் கண் மட்டத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் எதன் மீதாவது சாய்த்து வையுங்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். இயந்திரத்தின் சத்தம் நின்றதும் திரையும் நிற்கும் என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக்குங்கள். நடுவில் நின்றுபோகாதபடி, பத்து நிமிடத்திற்குள் தானாக முடிந்துவிடும் ஒரே கதையைத் தேர்ந்தெடுத்தால் சண்டை பாதியாகக் குறையும். முடிவில்லாமல் அடுத்தடுத்து ஓடும் காணொளிகள் வேண்டாம்.

இன்னொன்று: உங்கள் மகனுக்கு உண்மையிலேயே நெபுலைசர் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடுமையல்லாத இளைப்புக்கு ஸ்பேசர் வழியாகக் கொடுக்கும் இன்ஹேலர் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதே பலனைத் தருகிறது. அது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். திரை தேவைப்படும் நேரமே இல்லாமல் போகும்.

ஆஸ்துமா தவிர்த்த மற்ற நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மூச்சுக்குழாய் விரிவு நோயும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபணு நோயும் உள்ள பிள்ளைகளுக்கு அசையாமை இன்னும் பெரிய கேடு. அவர்களுடைய சளி கெட்டியானது, தேங்கி நிற்பது. ஓடும்போதும் குதிக்கும்போதும் மூச்சு ஆழமாகி, சளிக்குப் பின்னால் காற்று புகுந்து அதை மேலே தள்ளுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் உடற்திறனை அளந்து எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. உடற்திறன் மிகுந்தவர்களே அதிகம் பேர் உயிரோடிருந்தார்கள். என்னிடம் வரும் ஒரு சிறுமி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் குழாய் விட்டுக் குமிழி ஊதும் பயிற்சியைக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே செய்துவந்தாள். குமிழிகள் மேலே வந்தன, ஆனால் கண் திரையில் இருந்ததால் ஊதல் பாதியில் நின்று நின்று போனது. இடையில் வாயைத் திறந்து மூச்சை வேகமாக வெளியே விட்டுச் சளியை இருமி வெளியேற்ற வேண்டியதையும் மறந்துவிடுவாள். திரையை நிறுத்திவிட்டு அவளுடைய தந்தையை எதிரில் இன்னொரு பாட்டிலோடு உட்காரவைத்தோம். யாருடைய குமிழி முதலில் விளிம்பைத் தொடுகிறது என்று போட்டி. அன்று அவள் நெஞ்சில் கை வைத்தபோது சளி நகரும் கரகரப்பு என் உள்ளங்கையில் தெரிந்தது.


பழையநோயாளி19 எழுதியது:

எனக்கு வயது பத்தொன்பது. குழந்தையிலிருந்தே கடுமையான ஆஸ்துமா. இந்த இழையில் பெற்றோரும் மருத்துவர்களுமே பேசுகிறீர்கள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் பேசலாம் என்று எழுதுகிறேன்.

பத்து வயதில் நான் வகுப்பில் இருந்த நாட்களைவிட வராத நாட்களைத்தான் நண்பர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். குழு பிரித்து விளையாடும்போது என்னைக் கடைசியாகத்தான் எடுப்பார்கள். ஆன்லைன் கேமில் மட்டும் முதலில் எடுத்தார்கள். அங்கே எனக்கு இளைப்பு இல்லை, யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்தபோது வகுப்பு நண்பர்களோடு பேசியதும் அதில்தான். கறார்அப்பா, உங்கள் மகள் நான்காம் நாள் படம் வரைந்தாள் என்று எழுதினீர்கள். அது மகிழ்ச்சி. ஆனால் அவள் மூன்று நாள் எதற்காக அழுதாள் என்று கேட்டீர்களா? அந்தத் திரைக்குள் அவளுடைய தோழிகள் இருந்திருந்தால், நீங்கள் பூட்டி வைத்தது ஒரு பொருளை மட்டுமன்று.

என்னை வெளியே கொண்டுவந்தது தடை அன்று. பதினான்கு வயதில் மருந்தை மாற்றி, ஊதும் முறையையும் சரிசெய்த பிறகு, முதல் முறையாக ஒரு மைதானத்தை முழுமையாகச் சுற்றி நடந்து முடித்தேன். மறுநாள் மறுபடியும் போனேன். முடியும் என்று தெரிந்த பிறகு கேம் நேரம் குறைந்ததை நான் கவனிக்கவே இல்லை.


கறார்அப்பா எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் கேட்கவில்லை என்பது உண்மை. இன்று கேட்டேன். பள்ளிக்குப் போகாத நாட்களில் பேசுவதற்கு ஒரே ஒரு தோழிதான் இருந்தாள் என்றும், அவளோடு பேசுவது அதில்தான் என்றும் சொன்னாள். மாலையில் அரை மணி நேரம் அதற்காகத் திறந்து கொடுக்கிறேன். ஆனால் இரவுத் திரையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படுக்கை அறையில் திரை இல்லாமல் போன பிறகுதான் அவளுடைய தூக்கம் சீரானது.


சிறார்மருத்துவர் எழுதியது:

இரவு விஷயத்தில் கறார்அப்பாவின் உறுதி எனக்கும் உடன்பாடானது. பள்ளி வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. மாலையில் கண்ணில் விழும் ஒளி, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இந்தப் பாதிப்பு அதிகம். மறுபக்கம், எல்லோருடைய சுவாசக்குழாயும் இயல்பாகவே அதிகாலை நான்கு மணியளவில்தான் மிகக் குறுகியிருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. பதினொரு மணிக்குத் தூங்கி, நான்கு மணிக்கு இருமி எழும் பிள்ளைக்கு இரு பக்கமும் தூக்கம் வெட்டுப்படுகிறது. பகலில் களைத்துப்போன பிள்ளை ஓடாது. கைப்பேசியோடு போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் மணிநேரங்களும், தூசுப் பூச்சி அதிகம் வாழும் மெத்தையிலும் தலையணையிலும் முகம் புதைத்துக் கழிகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தூக்கமின்மைக்கும் எரிச்சலுக்கும் திரையையே குற்றம் சாட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். அதிகாலை இருமல் என்பது முதலில் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம். மூக்கடைப்பு இருக்கிறதா, மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டு வீங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரைகளையும் பாருங்கள். மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை எடுக்கும் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, தூக்கக் கலக்கம், கோபம், மனச்சோர்வு வருவதுண்டு. 2020இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. மருந்து தொடங்கிய நாளையும் குணமாற்றம் தொடங்கிய நாளையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதையாவது கண்டால் உடனே மருத்துவரிடம் பேசுங்கள், கைப்பேசிதான் காரணம் என்று தீர்மானித்துச் சும்மா இருக்க வேண்டாம்.

எத்தனை மணி நேரம் என்ற எண்ணை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. 2020இல் 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் திரைக்கு எண் எதையும் வைக்காமல், பொழுதுபோக்குத் திரையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு வேகமெடுக்கும் அளவுக்கான உடலசைவு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்று எண் வைத்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது எண்ணையே நான் பிடித்துக்கொள்வேன். அதை நோக்கிப் போகப் போகத் திரை நேரம் தானாக இறங்கும்.


இரவுக்காவல் எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்திற்கு மன்னியுங்கள்.

தடுப்பு இன்ஹேலர் ஒருநாளும் விடவில்லை. பல் துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஊதிய பிறகு வாய் கொப்பளிக்க வேண்டியிருப்பதால் அந்த இடமே பொருத்தமாக இருக்கிறது. நெபுலைசர் ஒரே ஒரு முறை, சளிக்காய்ச்சல் வந்தபோது தேவைப்பட்டது. திரையை அலமாரியில் சாய்த்து வைத்தோம், சத்தம் நின்றதும் அவனே எழுந்து அணைத்தான். இரவில் கைப்பேசிகள், என்னுடையதும் சேர்த்து, கூடத்தில் சார்ஜில் கிடக்கின்றன. முதல் வாரம் கடினமாகவே இருந்தது. சில நாட்கள் நான் தோற்றுப்போய்க் கொடுத்துவிட்டேன் என்பதையும் எழுத வேண்டும். இப்போது பள்ளி நாட்களில் திரை ஒன்றரை மணி நேரத்திற்கு வந்திருக்கிறது. அதிகாலை இருமல் கடைசி மூன்று வாரமாக இல்லை.

மாலையில் இருவரும் நடக்கிறோம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. முந்தாநாள் நான்காவது கம்பத்தில் அவன் நின்றான். எனக்கு உள்ளே பதறியது. அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இது இழுப்பு இல்லம்மா, வெறும் மூச்சு வாங்குறதுதான்" என்றான். பிறகு ஐந்தாவது கம்பத்திற்கு ஓடினான். பீக் ஃப்ளோ நேற்று 215.

டாக்டர், பள்ளியில் தொடர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறான். உடலைச் சூடேற்றும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவனுடைய உடற்பயிற்சி ஆசிரியருக்கு எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். கடிதத்தில் வேறு எதெல்லாம் இருக்க வேண்டும்?


சிறார்மருத்துவர் எழுதியது:

சால்புட்டமாலும் ஸ்பேசரும் பூட்டிய அறையில் இல்லாமல் மைதானத்தின் ஓரத்திலேயே இருக்க வேண்டும் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். இளைப்பு வந்தால் உட்காரவைத்து எத்தனை முறை ஊத வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், எந்த நிலையில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரின் கையெழுத்தோடு இணையுங்கள். சளிக்காய்ச்சல் உள்ள நாளில் ஓட வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில், அவன் தானாக நின்றால் நம்ப வேண்டும், தானாக மறுபடி ஓடினாலும் நம்ப வேண்டும் என்று எழுதுங்கள்.